அப்டேட்டுக்குப் பின் திரை 1024×768இல் நின்றுவிட்டது, என்விடியா டிரைவர் ஏறவில்லை [தீர்ந்தது]

#1 தூரிகை

வணக்கம் நண்பர்களே. மேசைக் கணினி, உபுண்டு 24.04, என்விடியா ஜிடிஎக்ஸ் 1060 கார்டு. அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் செய்ததிலிருந்து திரை 1024×768ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. செட்டிங்ஸில் வேறு அளவே காட்டவில்லை. இரண்டாவது மானிட்டரில் சிக்னல் இல்லை. ஜன்னலைப் பிடித்து இழுத்தால் தயங்கித் தயங்கி வருகிறது, சிபியு ஃபேன் இரைகிறது.

என்விடியா-எஸ்எம்ஐ (கார்டின் நிலையைக் காட்டும் கட்டளை) கொடுத்தால் டிரைவருடன் பேச முடியவில்லை என்று பதில் வருகிறது. டிரைவரை நீக்கிவிட்டு அதையே மறுபடி நிறுவிப் பார்த்தேன், எந்த மாற்றமும் இல்லை. பிளெண்டர் 3டி மென்பொருளில் ஒரு வேலை பாதியில் நிற்கிறது, ஒப்படைக்க வேண்டிய நாளும் நெருங்குகிறது. எங்கிருந்து தொடங்குவது என்று யாராவது சொல்லுங்கள்.

#2 மின்தடை

கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) மாறும்போது இப்படி ஆவது சகஜம். என்விடியா தளத்துக்குப் போய் உங்கள் கார்டுக்கான .ரன் நிறுவிக் கோப்பை இறக்குங்கள். கண்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 அழுத்தினால் எழுத்துத் திரை வரும். அங்கே லாகின் செய்து, வரைகலைத் திரையை நடத்தும் ஜிடிஎம் சர்வீஸை நிறுத்திவிட்டு அந்தக் கோப்பை ஓட்டுங்கள். நான் பல வருடமாக இப்படித்தான் போடுகிறேன், நன்றாகவே ஓடுகிறது.

#3 வேர்முனை

தூரிகை, .ரன் கோப்பு இப்போதைக்கு வேண்டாம்.

//நான் பல வருடமாக இப்படித்தான் போடுகிறேன்//

மின்தடை, உங்களுக்கு ஓடுகிறது என்றால் நீங்கள் அதைக் கவனமாகப் பராமரிக்கிறீர்கள். ஆனால் ஏற்கெனவே ஆப்ட் (உபுண்டுவின் பொதி நிர்வாகி) வழியாக டிரைவர் போட்டிருக்கும் கணினியில் அதன்மேல் .ரன் ஓட்டினால், எந்தக் கோப்பு யார் வைத்தது என்று ஆப்டுக்குத் தெரியாது. அடுத்த அப்டேட்டில் ஆப்ட் பாதியை மாற்றும், மீதி பாதி பழையதாகவே இருக்கும். கெர்னலுக்குள் ஏறும் டிரைவர் பகுதியான மாட்யூல் ஒரு பதிப்பு, அதனுடன் பேசும் லைப்ரரிகள் வேறு பதிப்பு. அப்போது கணினியின் லாக் பதிவில் 'ஏபிஐ மிஸ்மேட்ச்' என்று வரும். இப்போதுள்ள ஒரு பிரச்சினைக்குப் பதில் இரண்டு ஆகிவிடும்.

முதலில் நோயைக் கண்டுபிடிப்போம், மருந்து அப்புறம். இந்த மூன்றையும் டெர்மினலில் கொடுத்து, வருவதை இங்கே ஒட்டுங்கள்:

எல்எஸ்பிசிஐ -கே (விஜிஏ என்று தொடங்கும் பகுதி மட்டும் போதும்)
ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ -பி
மோக்யூடில் --எஸ்பி-ஸ்டேட்

#4 தூரிகை

நன்றி அக்கா.

எல்எஸ்பிசிஐ கார்டைச் சரியாகக் காட்டுகிறது, ஜிடிஎக்ஸ் 1060 என்று பெயரே இருக்கிறது. அதன் கீழே 'கெர்னல் மாட்யூல்ஸ்' வரியில் என்விடியாஎஃப்பி, நூவோ, என்விடியா_டிஆர்எம், என்விடியா என்று நான்கு பெயர்கள். வேறு வரி இல்லை.

ஜிஎல்எக்ஸ்இன்ஃபோவில் ரெண்டரர் என்ற இடத்தில் எல்எல்விஎம்பைப்.

மோக்யூடில்: செக்யூர் பூட் எனேபிள்டு.

#5 கூழாங்கல்

செக்யூர் பூட், அதாவது ஏற்கப்பட்ட கையொப்பம் இல்லாத மாட்யூலைத் தடுக்கும் பாதுகாப்பு, ஆனில் இருக்கிறது, அதுதான் காரணம். பயாஸுக்குள் போய் அதை நிறுத்துங்கள், டிரைவர் ஏறிவிடும்.

#6 வேர்முனை

கூழாங்கல் சொல்வது நடக்கக்கூடியதுதான், ஆனால் இன்னும் உறுதியாகவில்லை. கிடைத்ததை வைத்து என்ன சொல்லலாம் என்று பார்ப்போம்.

எல்எல்விஎம்பைப் என்றால் திரையில் தெரியும் ஒவ்வொரு புள்ளியையும் உங்கள் சிபியு வரைகிறது. கிராஃபிக்ஸ் கார்டு வேலையே செய்யவில்லை. ஃபேன் இரைவதும் ஜன்னல் தயங்குவதும் அதனால்தான்.

எல்எஸ்பிசிஐயில் இல்லாத வரிதான் இங்கே முக்கியம். 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி இருக்க வேண்டும், உங்களுக்கு அது இல்லை. 'கெர்னல் மாட்யூல்ஸ்' வரி இந்தக் கார்டை ஓட்டக்கூடியவர்கள் யார் யார் என்ற பட்டியல் மட்டுமே. இப்போது ஓட்டுவது யார் என்பதை 'இன் யூஸ்' சொல்லும். என்விடியா கார்டுகளுக்கான திறந்த மூலநிரல் டிரைவரான நூவோவும் ஓட்டவில்லை, ஏனென்றால் என்விடியா பொதி நிறுவும்போது நூவோவைத் தடைப்பட்டியலில் சேர்த்துவிடும். ஆக, கார்டுக்கு ஓட்டுநரே இல்லை. கணினி எழும்போது யூஇஎஃப்ஐ (மதர்போர்டின் தொடக்க மென்பொருள்) அமைத்துக் கொடுத்த எளிய திரையை வைத்துக்கொண்டு சமாளிக்கிறது. அதனால்தான் 1024×768, அதனால்தான் ஒரு மானிட்டர்.

என்விடியா மாட்யூல் ஏன் ஏறவில்லை என்று அதனிடமே கேட்கலாம்:

சுடோ மோட்ப்ரோப் என்விடியா

இதற்கு வரும் மறுப்பைச் சொல் சொல்லாகப் படியுங்கள். பலர் இதை "ஏதோ எரர்" என்று தாண்டிப்போய், அடுத்த நிமிடமே மறுநிறுவல் செய்கிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம். எந்தப் படியில் தடை என்பதை அந்த ஒரு வரியே சொல்லிவிடுகிறது.

'மாட்யூல் என்விடியா நாட் ஃபவுண்ட்' என்று வந்தால், இப்போது ஓடும் கெர்னலுக்கான மாட்யூலே வட்டில் இல்லை. பெரும்பாலும் புதிய கெர்னல் வந்திருக்கும், தொகுக்கத் தேவையான அதன் ஹெடர்ஸ் பொதி வந்திருக்காது, கெர்னலுக்கேற்ப மாட்யூலைத் தொகுக்கும் டிகேஎம்எஸ் அதைச் செய்ய முடியாமல் விட்டிருக்கும். 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' கொடுத்தால் எந்தக் கெர்னலுக்குத் தொகுத்திருக்கிறது என்று தெரியும். பூட் பகிர்வு நிரம்பி, நிறுவல் பாதியில் நின்றுபோவதும் உண்டு, 'டிஎஃப் -ஹெச்' பார்த்துவிடுங்கள்.

'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்று வந்தால் மாட்யூல் இருக்கிறது, கையொப்பம் ஏற்கப்படவில்லை. அப்போதுதான் செக்யூர் பூட் குற்றவாளி. அப்போதும் அதை அணைக்க வேண்டியதில்லை. டிகேஎம்எஸ் உருவாக்கிய சாவியை 'மோக்யூடில் --இம்போர்ட்' மூலம் கொடுத்தால் ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த முறை கணினி எழும்போது நீலத்திரை ஒன்று வரும், அதில் 'என்ரோல் மோக்' தேர்ந்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். அந்தத் திரை சில நொடிகளே நிற்கும். விசை அழுத்தாமல் விட்டால் கணினி சாதாரணமாக எழுந்துவிடும், சாவி சேராது. தவிர, உபுண்டு தன் களஞ்சியத்தில் முன்கூட்டியே தொகுத்துக் கையொப்பமிட்ட என்விடியா மாட்யூல்களை வைத்திருக்கிறது. அவற்றை நிறுவினால் சாவி வேலையே இல்லை. எனக்குக் கூழாங்கல் சொன்னதில் சந்தேகம் வந்தது அதனால்தான்.

'நோ சச் டிவைஸ்' என்று வந்தால் கதை வேறு. மாட்யூல் இருக்கிறது, கையொப்பமும் சரி, கெர்னலுக்குள் ஏறியும் பார்த்திருக்கிறது. கார்டைப் பார்த்துவிட்டு "இது என்னுடையது இல்லை" என்று இறங்கிவிட்டது.

எந்த மறுப்பும் வராமல் அமைதியாக முடிந்தால் மாட்யூல் ஏறிவிட்டது. சிக்கல் அதற்கு மேல்தட்டில், லைப்ரரியிலோ, திரையை நடத்தும் வேலண்டிலோ இருக்கும். அப்டேட் முடித்து ரீஸ்டார்ட் செய்யாமலே இருந்தால் என்விடியா-எஸ்எம்ஐ 'டிரைவர்/லைப்ரரி வெர்ஷன் மிஸ்மேட்ச்' என்று சொல்லும். அதற்கு ரீஸ்டார்ட் மட்டும் போதும்.

தூரிகை, உங்களுக்கு இவற்றில் எது வருகிறது? கூடவே 'சுடோ டிமெஸேஜ்' (கெர்னலின் பதிவு) கொடுத்து, என்விடியா டிரைவர் எழுதும் என்விஆர்எம் என்று தொடங்கும் வரிகளையும் ஒட்டுங்கள்.

#7 நெடுவழி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்கும் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோவில் எல்எல்விஎம்பைப்தான் வருகிறது. ஆனால் கார்டு ஏஎம்டி ரேடியான் ஆர்எக்ஸ் 7600, டெபியன் 12. ஏஎம்டிக்கு டிரைவரே நிறுவ வேண்டியதில்லை, எல்லாம் கெர்னலிலேயே இருக்கிறது என்றுதானே சொன்னார்கள்?

#8 தூரிகை

அக்கா, மூன்றாவது பதில்தான் வந்தது: 'நோ சச் டிவைஸ்'.

டிமெஸேஜில் என்விஆர்எம் வரிகள் நிறைய இருக்கின்றன. அவற்றின் சாரம்: இந்தக் கணினியில் உள்ள ஜிபியுவை ஓபன் என்விடியா மாட்யூல் ஆதரிப்பதில்லை, ஏனென்றால் இதில் ஜிபியு சிஸ்டம் ப்ராசஸர், அதாவது ஜிஎஸ்பி இல்லை. கடைசியில் எந்த என்விடியா சாதனமும் இயக்கப்படவில்லை என்று முடிகிறது.

இது கார்டு கெட்டுப்போனதன் அறிகுறியா? உள்ளே ஒரு சிப் செத்துவிட்டதா?

#9 வேர்முனை

கார்டு நன்றாக இருக்கிறது, கவலைப்படாதீர்கள். அந்த ஜிஎஸ்பி உங்கள் கார்டில் தொடக்கத்திலிருந்தே கிடையாது.

ஒரு கேள்வி. இந்த 1060க்கு முன்னால் இதே கணினியில் வேறு கார்டு இருந்ததா? டியூரிங் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது, ஆர்டிஎக்ஸ் அல்லது 16 வரிசை?

#10 தூரிகை

ஆமாம்! ஆர்டிஎக்ஸ் 2060 இருந்தது. அதை என் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, வீட்டில் இருந்த 1060ஐப் பொருத்தினேன். அதே நாளில்தான் அப்டேட்டும் போட்டேன், அதனால் அப்டேட்தான் காரணம் என்று நினைத்தேன். இரண்டுமே என்விடியா, ஒரே டிரைவர்தானே?

#11 வேர்முனை

பெயர் ஒன்று, மாட்யூல் இரண்டு வகை. இங்கேதான் முடிச்சு.

என்விடியா நெடுங்காலம் தன் கெர்னல் மாட்யூலின் மூலநிரலை மூடியே வைத்திருந்தது. 2022 மே மாதத்தில் 515 பதிப்போடு திறந்த மூலநிரல் மாட்யூல் ஒன்றை வெளியிட்டது. மூடியதில் இருந்ததையெல்லாம் அப்படியே திறந்துவிடவில்லை. கார்டை இயக்கித் தயார்செய்வது போன்ற வேலைகளில் பெரும்பகுதி, கார்டுக்குள்ளேயே இருக்கும் ஒரு சிறு செயலியில் ஓடும் ஃபர்ம்வேருக்குப் போய்விட்டது. அந்தச் செயலிதான் ஜிஎஸ்பி. அது டியூரிங் தலைமுறையிலிருந்துதான் கார்டுகளில் இருக்கிறது. உங்கள் 1060 அதற்கு முந்தைய பாஸ்கல் தலைமுறை. ஆகவே ஓபன் மாட்யூலால் அதை எந்நாளும் ஓட்ட முடியாது.

2060க்கு உபுண்டு பரிந்துரைத்தது பெயரில் '-ஓபன்' என்று முடியும் பொதியாக இருந்திருக்கும், அந்தக் கார்டுக்கு அதுவே சரி. கார்டை மாற்றினீர்கள், பொதி மாறவில்லை. நீக்கிவிட்டு மறுபடி நிறுவியபோதும் அதே ஓபன் பொதிதான் திரும்ப வந்தது.

செய்ய வேண்டியது:

முதலில் 'உபுண்டு-டிரைவர்ஸ் டிவைசஸ்' கொடுங்கள். இப்போது பொருத்தியிருக்கும் கார்டைப் பார்த்து எது பொருந்தும் என்று பட்டியல் தரும்.

பிறகு 'சுடோ ஆப்ட் பர்ஜ்' மூலம் '-ஓபன்' என்று முடியும் என்விடியா டிரைவர் பொதியையும், 'லினக்ஸ்-மாட்யூல்ஸ்-என்விடியா' என்று தொடங்கி நடுவில் ஓபன் என்று வரும் பொதிகளையும் நீக்குங்கள். 'டிபிகேஜி -எல்' கொடுத்து என்விடியா என்று தேடினால் முழுப் பெயர்கள் கிடைக்கும். ரிமூவ் போதாது, பர்ஜ் கொடுங்கள், அமைப்புக் கோப்புகளும் போகட்டும்.

அதன்பின் ஓபன் ஒட்டு இல்லாத 580ஐ நிறுவுங்கள்: 'சுடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால் என்விடியா:580'. ரீஸ்டார்ட் செய்து எல்எஸ்பிசிஐ -கே பாருங்கள்.

580ஐவிடப் பெரிய எண் கண்ணில் பட்டாலும் அதைத் தொடாதீர்கள். மேக்ஸ்வெல், பாஸ்கல், வோல்டா மூன்றுக்கும் 580தான் கடைசி வரிசை. 590இல் இந்தத் தலைமுறைகள் இல்லை.

#12 கூழாங்கல்

செக்யூர் பூட் இல்லை என்று தெளிவாகிவிட்டது, நல்லது. எனக்கு வேறு ஒரு யோசனை. கடைசி வரிசை என்று ஆன பிறகு ஏன் அதைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும்? நூவோ 2010 முதலே கெர்னலின் பகுதி, முழுக்கத் திறந்த மூலநிரல். கெர்னலோடு சேர்ந்தே வருவதால் எந்த அப்டேட்டிலும் உடையாது. 1060க்கு நூவோ போதாதா?

#13 வேர்முனை

எனக்கு நூவோ மேல் பெரிய மரியாதை உண்டு. ஆவணம் கொடுக்காத வன்பொருளை வெளியிலிருந்து ஆராய்ந்தே எழுதிய டிரைவர் அது. ஆனால் இந்தக் கார்டுக்கு, இந்த வேலைக்குப் பொருந்தாது.

மேக்ஸ்வெல்லின் இரண்டாம் அலையிலிருந்து, அதாவது ஜிடிஎக்ஸ் 900 வரிசை முதல், கார்டின் கடிகார வேகத்தை மாற்ற என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் தேவை. 900, 1000 வரிசைகளுக்கு அந்த ஃபர்ம்வேரை நூவோ பயன்படுத்தும் வகையில் என்விடியா வெளியிடவில்லை. ஆகவே நூவோவின் கீழ் 1060 கணினி எழும்போது இருக்கும் குறைந்த வேகத்திலேயே நின்றுவிடும். இணையம் பார்க்க, எழுத, இரண்டு மானிட்டர் ஓட்ட அது தாங்கும். தூரிகைக்கு பிளெண்டரில் குடா (கார்டைக் கணக்கீட்டுக்குப் பயன்படுத்தும் என்விடியாவின் வசதி) வேண்டும், நூவோவில் குடா கிடையாது.

டியூரிங் தொட்டு நிலைமை வேறு. அதே ஜிஎஸ்பி ஃபர்ம்வேரை நூவோவும் பயன்படுத்தும் வசதி 2024 தொடக்கத்தில் வந்த 6.7 கெர்னலில் சேர்ந்தது. திறந்த மூலநிரல் கிராஃபிக்ஸ் தொகுப்பான மேசாவின் என்விகே வல்கன் டிரைவரும் நன்றாக வளர்ந்துவருகிறது. தூரிகையின் தம்பியிடம் போன 2060 நூவோவில் தாராளமாக ஓடும். பாஸ்கல்காரர்கள்தான் இரண்டுக்கும் நடுவில் சிக்கியவர்கள்: ஓபன் மாட்யூலுக்கு முந்தியவர்கள், நூவோவின் நல்ல காலத்துக்குப் பிந்தியவர்கள். இன்னும் எத்தனையோ கணினிகளில் நல்ல நிலையில் ஓடும் கார்டுகள் இவை, எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு.

#14 மின்தடை

இந்த ஜிஎஸ்பி விவகாரம் எனக்குப் புதிது. ஒன்றைச் சேர்க்கிறேன். இப்போதைய .ரன் நிறுவியும் மூடிய மாட்யூலா, திறந்ததா என்று கேட்கும். பிளாக்வெல் தலைமுறைக்கு, அதாவது ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு, ஓபன் மட்டும்தான். ஆகவே எந்த வழியில் நிறுவினாலும் கார்டின் தலைமுறை தெரிந்திருக்க வேண்டும். அந்த வகையில் தூரிகைக்கு ஆப்ட் வழியே சரி என்று ஒப்புக்கொள்கிறேன். வேறு டிஸ்ட்ரோவில் .ரன் தேவைப்படுகிறவர்கள், முதலில் பொதி வழியாக வந்த டிரைவரை முழுவதும் துடைத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

#15 எழுநிலை

நெடுவழி, உங்கள் கேள்வியை யாரும் எடுக்கவில்லை, நான் எடுக்கிறேன்.

//எல்லாம் கெர்னலிலேயே இருக்கிறது என்றுதானே சொன்னார்கள்?//

டிரைவர் கெர்னலில் இருக்கிறது, ஃபர்ம்வேர் இல்லை. ஏஎம்டிஜிபியு மாட்யூல் திறந்த மூலநிரல்தான், ஆனால் கார்டுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்புகள் தனிப் பொதியில் வருகின்றன. டெபியனில் அதன் பெயர் ஃபர்ம்வேர்-ஏஎம்டி-கிராஃபிக்ஸ்.

மானிட்டர் கேபிளை முதலில் பாருங்கள். மேசைக் கணினியில் மதர்போர்டிலும் ஒரு ஹெச்டிஎம்ஐ துளை இருக்கும், கேபிள் அங்கே செருகியிருந்தால் கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும். அது சரியாக இருந்தால் 'சுடோ டிமெஸேஜ்' கொடுத்து ஏஎம்டிஜிபியு வரிகளை ஒட்டுங்கள்.

#16 தூரிகை

வந்துவிட்டது!

உபுண்டு-டிரைவர்ஸ் பட்டியலில் ஓபன் ஒட்டு இல்லாத 580க்குப் பக்கத்தில்தான் 'ரெக்கமெண்டட்' இருந்தது. அக்கா சொன்ன வரிசையிலேயே பர்ஜ் செய்து நிறுவினேன். செக்யூர் பூட்டைத் தொடவே இல்லை, நீலத்திரையும் வரவில்லை. 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்: என்விடியா' என்ற வரி வந்துவிட்டது. இரண்டு மானிட்டரும் முழு அளவில் ஓடுகின்றன. பிளெண்டரில் குடா தேர்வும் தெரிகிறது, ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.

மிக்க நன்றி அக்கா. மின்தடை, கூழாங்கல், உங்களுக்கும்.

இரண்டு கேள்விகள் மட்டும். 580 கடைசி என்றால் எவ்வளவு காலம் நம்பலாம்? கணினியை ஸ்லீப்பில் போட்டு எழுப்பினால் சில ஜன்னல்களில் படம் சிதைந்து வருகிறது, 2060இல் அப்படி இல்லை. அதற்கு ஏதாவது செய்ய முடியுமா?

#17 நெடுவழி

கேபிள் கார்டில்தான் இருக்கிறது. டிமெஸேஜில் ஏஎம்டிஜிபியு வரிகளில் 'டைரக்ட் ஃபர்ம்வேர் லோட்' என்று தொடங்கி, ஒரு கோப்பின் பெயரைச் சொல்லி, 'ஃபெயில்டு வித் எரர் -2' என்று முடிகிறது. ஃபர்ம்வேர்-ஏஎம்டி-கிராஃபிக்ஸ் பொதி ஏற்கெனவே நிறுவப்பட்டுத்தான் இருக்கிறது.

#18 எழுநிலை

-2 என்றால் கோப்பு இல்லை என்று பொருள், வேறொன்றும் இல்லை. பொதி இருக்கிறது, ஆனால் அதிலுள்ள தொகுப்பு உங்கள் கார்டைவிடப் பழையது. டெபியன் 12 வெளிவந்தது 2023 ஜூனில், உள்ளே இருப்பவை அதற்கும் சில மாதங்கள் முன்பே உறையவைக்கப்பட்டவை. உங்கள் கார்டு விற்பனைக்கு வந்ததே 2023 மே மாதத்தில். இணையத்திலிருந்து ஒற்றைக் கோப்பை எடுத்து வைக்காதீர்கள், ஒன்றை வைத்தால் அடுத்ததைக் கேட்கும்.

புக்வோர்ம்-பேக்போர்ட்ஸ் (டெபியன் 12க்குப் புதிய பதிப்புப் பொதிகள் தரும்) களஞ்சியத்தைச் சேர்த்து, அங்கிருந்து கெர்னல், ஃபர்ம்வேர் இரண்டையும் எடுங்கள். 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்ற பிரிவும் சோர்ஸ் பட்டியலில் இருக்க வேண்டும், டெபியன் 12இலிருந்து ஃபர்ம்வேருக்கு அது தனிப் பிரிவு. நிறுவியதும் 'சுடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு' கொடுங்கள். ஏஎம்டிஜிபியு தொடக்கத்திலேயே ஏறுவதால் புதிய ஃபர்ம்வேர், கணினி எழும்போது முதலில் ஏறும் கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸுக்குள்ளும் போக வேண்டும்.

இல்லையென்றால் டெபியன் 13க்கே போய்விடுங்கள். 6.12 கெர்னல், மேசா 25.0. உங்கள் இடத்தில் நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன்.

#19 வேர்முனை

தூரிகை, முதல் கேள்விக்கு: தேதி சொல்லி உறுதி தர மாட்டேன். முன்னுதாரணம் ஒன்று இருக்கிறது. மேக்ஸ்வெல்லுக்கு முந்தைய கெப்ளர் கார்டுகளுக்குக் கடைசியான 470 வரிசை 2021இல் வந்தது, 2024 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைத்தன. திருத்தம் நின்ற பிறகும் டிரைவர் ஓடும். புதிய கெர்னல்களோடு தொகுக்க முடியாமல் போவதுதான் முடிவின் தொடக்கம். அப்போது பழைய எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) கெர்னலில் தங்குவதா, கார்டை மாற்றுவதா என்று யோசிக்க வேண்டிவரும். உபுண்டு 24.04இன் முதல் கெர்னலான 6.8 வரிசையில் இருந்தால் அந்த நாள் தள்ளிப்போகும். குடா 13இலும் பாஸ்கல் நீக்கப்பட்டுவிட்டது. குடா 12ஐ வைத்துத் தொகுத்த பிளெண்டர் பதிப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லீப் விஷயம்: கணினி உறங்கும்போது கார்டின் நினைவகத்துக்கு மின்சாரம் நின்றுவிடும், உள்ளே இருந்தது அழியும். அதை முன்கூட்டியே வெளியே எடுத்துவைக்க 'பிரிசர்வ் வீடியோ மெமரி அலொகேஷன்ஸ்' என்ற அமைப்பு இருக்கிறது. ப்ராக் கோப்பகத்துக்குள் டிரைவர், அதற்குள் என்விடியா, அதில் பாரம்ஸ் என்ற கோப்பைத் திறந்து பாருங்கள், அதன் மதிப்பு 1 ஆக இருக்க வேண்டும். என்விடியா-சஸ்பெண்ட், என்விடியா-ரெஸ்யூம் இரண்டு சர்வீஸும் எனேபிள் ஆகியிருக்கின்றனவா என்று 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்' மூலம் பாருங்கள். பர்ஜ் செய்து மறுபடி நிறுவியதில் இவற்றில் ஒன்று விடுபட்டிருக்கலாம்.

எடுத்துவைக்கும் இடம் இயல்பாக டெம்ப் கோப்பகம். அது ராமில் இருக்கும்படி நீங்கள் மாற்றியிருந்தால் 6 ஜிபி நினைவகத்துக்கு இடம் போதாமல் போகும். 'டெம்பரரி ஃபைல் பாத்' அமைப்பில் வார் கோப்பகத்துக்குள் இருக்கும் டெம்பைக் கொடுத்துவிடுங்கள்.

#20 தூரிகை

மதிப்பு 1தான் இருந்தது, ரெஸ்யூம் சர்வீஸ் எனேபிள் ஆகாமல் இருந்தது. இயக்கிவிட்டு ஸ்லீப்பில் போட்டு எழுப்பிப் பார்த்தேன், படம் சிதையவில்லை. தலைப்பில் தீர்ந்தது என்று சேர்த்துவிட்டேன்.

#21 நெடுவழி

டெபியன் 13க்கு மாறிவிட்டேன். ரெண்டரர் வரியில் இப்போது ஏஎம்டி ரேடியான் ஆர்எக்ஸ் 7600 என்று வருகிறது. எழுநிலைக்கு நன்றி.